சுவரில் எழுதிய தேதி: வீடு, விஷம், தீட்டு பற்றிச் சில குறிப்புகள்

1

எங்கள் ஊர் வீட்டின் வாசல் சுவரில், நிலைக்கதவுக்கு இடப்பக்கம், காவி நிறத்தில் ஒரு தேதி இருந்தது. அதற்கு மேலே டி.டி.டி. என்று மூன்று இங்கிலீஷ் எழுத்து. தகரத்தில் வெட்டிய அச்சைச் சுவரில் வைத்துத் தேய்த்துவிட்டுப் போவார்கள். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் அரசாங்கப் பிரதி அதுதான். 1970களின் தொடக்கம். பட்டுக்கோட்டைத் தாலுகாவில் ஒரு கிராமம்.

மருந்தடிக்கிறவர்கள் முந்தின நாளே சொல்லிவிடுவார்கள். பானை சட்டி, துணிமணி, நெல்லு எல்லாவற்றையும் வாசலில் எடுத்துவைக்க வேண்டும். ஒருத்தர் பம்பை அடிக்க, இன்னொருத்தர் நீளக் குழாயைப் பிடித்துச் சுவரின் மேலிருந்து கீழாகத் தெளித்துக்கொண்டே போவார். காய்ந்ததும் மண்சுவரில் வெள்ளை பூத்து நிற்கும். அடுப்பங்கரையிலும் சாமி மாடத்திலும் அடிக்க அம்மா விட்டதில்லை. ‘அங்கமட்டும் வேணாம், அடிச்சதா எழுதிக்கிட்டுப் போங்க’ என்று சொல்லும். அவர்களும் எழுதிக்கொண்டு போவார்கள்.

குழாய் பிடித்தவர் எங்கள் ஊர்ச் சேரியைச் சேர்ந்தவர். அப்பா வயதிருக்கும். சின்னப் பையனான நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். மற்ற நாட்களில் அவர் வாசல்படி தாண்டியதில்லை. வருஷத்தில் இரண்டு நாள், அரசாங்கத்தின் பம்போடு வந்தால் மட்டும், கூடம்வரை வரலாம். அவர்கள் போனதும் அம்மா சாணியைக் கரைத்துத் தரையை மெழுகும். கைக்கெட்டிய உயரம்வரை சுவரையும் சேர்த்து மெழுகிவிடும். மெழுகினால் மருந்து மூடிப்போகும், கொசு சாகாது. பல நாடுகளில் மலேரியா ஒழிப்புக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன புகார் இது. மக்களின் அறியாமை, ஒத்துழையாமை என்று அவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அம்மா எதைக் கழுவியது? மருந்தையா, மருந்தடித்தவரையா? நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டிய வயதில் எனக்கு இப்படியொரு கேள்வி தோன்றவே இல்லை. வீட்டுக்குள் தங்கிவிட்ட ரசாயனங்கள் பற்றி இன்று ஏராளமாக எழுதப்படுகிறது. அந்த எழுத்துகளை வாசிக்கும்போதெல்லாம் அந்தச் சாணித் தண்ணீர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. வீட்டுக்குள் விஷம் என்கிற சொல்லாடல் ‘வீடு’ என்பதை எப்படிக் கட்டமைக்கிறது, யாரை அதற்குள் வைக்கிறது, யாரை வாசலோடு நிறுத்துகிறது என்பதே இங்கு என் கேள்வி.

2

டிடிடியைத் திட்டுவது சுலபம். எங்கள் குடும்பத்துக்கு அவ்வளவு சுலபமில்லை.

மேட்டூர் அணை 1934இல் திறந்தது. அதோடு சேர்ந்து கல்லணைக் கால்வாய் வழியாகப் பட்டுக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலங்களுக்குக் காவிரித் தண்ணீர் வந்தது. எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் புது ஆறு. ‘ஆறு வந்துச்சு, சோறு வந்துச்சு, பின்னாலேயே குளிர்காச்சலும் வந்துச்சு’ என்று அப்பாயி சொல்லும். இரண்டு பிள்ளைகளை அந்தக் காய்ச்சலுக்குக் கொடுத்தது அது. அப்பாவுக்கு மூத்தவர்கள். அவர்களுக்குப் படம் கிடையாது, பிறந்த தேதி கிடையாது.

அப்பாயி சொன்னது வெறும் கிழவிப் பேச்சல்ல. ராக்பெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் என்கிற அமெரிக்க மலேரியா நிபுணர் 1930களில் பட்டுக்கோட்டைப் பகுதியில் ஆய்வு செய்தார். ஒழுங்கற்ற பாசனமே இங்குள்ள மலேரியாவுக்குக் காரணம் என்று எழுதினார். உடைந்த வாய்க்கால், கசிவு நீர், வடியாமல் தேங்கிய பள்ளம். தண்ணீர் கொண்டுவரத் தெரிந்த அரசுக்கு வடிகால் வெட்டத் தோன்றவில்லை. பிறகு அவரே வீடுகளுக்குள் பைரெத்ரம் தெளித்துப் பார்த்தார். அது செவ்வந்தி இனத்துப் பூ ஒன்றிலிருந்து எடுக்கும் மருந்து. கொசு செத்தது. ஆனால் மருந்து சீக்கிரம் சிதைந்துபோகும், அடிக்கடி தெளிக்க வேண்டும்.

டிடிடியின் மகத்துவம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. 1874இலேயே ஆய்வுக்கூடத்தில் உருவான அந்தப் பொருளின் பூச்சிகொல்லும் குணத்தை 1939இல் பால் முல்லர் கண்டுபிடித்தார். 1948இல் அதற்காக நோபல் பரிசு. சதுர மீட்டருக்கு 1 கிராம் வீதம் சுவரில் அடித்துவிட்டால் மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். ரத்தம் குடித்துவிட்டுச் சுவரில் உட்காரும் கொசு அதைத் தொட்டதும் நரம்பு ஓயாமல் துடித்துச் சாகும். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் இந்தியாவில் வருஷத்துக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா வந்ததாகவும் 8 லட்சம் பேர் செத்ததாகவும் மதிப்பீடு. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம், 1958இல் ஒழிப்புத் திட்டம். 1960களின் நடுவில் நோயாளிகளின் எண்ணிக்கை சுமார் 1 லட்சம். டிடிடி வராமல் இருந்திருந்தால் என் அத்தைமாரில் ஒருத்தராவது மிஞ்சியிருப்பாரா என்பது சந்தேகமே.

மேற்கத்தியப் பசுமை இலக்கியத்தை அப்படியே இறக்குமதி செய்து இங்கே விற்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ 1962இல் வெளிவந்தது. அந்தப் புத்தகத்தின் முக்கியமான குறி வயலிலும் காட்டிலும் நடந்த வரம்பில்லாத தெளிப்பு. நோய் பரப்பும் பூச்சிகளை அப்படியே விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. கண்மூடித்தனமாகத் தெளித்தால் பூச்சிகள் பழகிக்கொள்ளும் என்று எச்சரித்தார். அதுதான் நடந்தது. பருத்திக்கும் நெல்லுக்கும் கொட்டிய மருந்தில் கொசுவும் சேர்ந்து பழகிக்கொண்டது. 1976இல் இந்தியாவில் மலேரியா 64 லட்சம் பேரைத் தாண்டியது. விவசாயத்தில் டிடிடியை நம் அரசு தடைசெய்தது 1989இல்தான்.

ஆக, ‘உயிர் காத்த மருந்து’, ‘உயிர் குடித்த விஷம்’ என்கிற இரண்டு கதையாடல்களுமே எனக்குப் போதவில்லை. இரண்டும் ஒரே கேள்வியைத் தவிர்க்கின்றன: வாய்க்காலில் இருந்த கோளாறுக்கு வீட்டுச் சுவரில் ஏன் மருந்து?

3

நிலைத்திருத்தல் என்பதுதான் இங்கு கவனிக்க வேண்டிய சொல். சர்வதேச ஒப்பந்தங்களின் மொழியில் இந்தப் பொருள்களுக்கு ‘நிலைத்த கரிம மாசுகள்’ என்று பெயர். 2001இல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் முதலில் பட்டியலிட்ட பன்னிரண்டில் டிடிடியும் ஒன்று. நோய்ப் பூச்சி ஒழிப்புக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்தியா 2006இல் அதை ஏற்றது. 2015இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை டிடிடியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்ற வகையில் சேர்த்தது.

குற்றமாக இன்று சொல்லப்படும் அந்த நிலைத்தன்மைதான் ஒருகாலத்தில் அதன் பெருமை. போகாது, கரையாது, சிதையாது என்று சொல்லித்தான் விற்றார்கள். சுவரில் ஆறு மாதம் நிற்பது, சுவரோடு நின்றுவிடுமா? பொடியாக உதிர்ந்து தரைக்கு வரும். மெல்ல ஆவியாகிக் கூடத்துக் காற்றில் கலக்கும். தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். எனவே உடலில் அது போய்ச் சேரும் இடம் கொழுப்பு. அங்கிருந்து வெளியேற வருஷக்கணக்காகும். அது வெளியேறும் வழிகளில் ஒன்று தாய்ப்பால். மனிதக் கொழுப்பிலும் பாலிலும் டிடிடி இருப்பதை 1951இலேயே அமெரிக்காவில் எழுதிவிட்டார்கள். எங்கள் சுவரில் தேதி எழுதியது அதற்கு இருபது வருஷம் கழித்து.

தமிழில் அகம் என்றால் உள், மனம், வீடு. மூன்றுக்கும் ஒரே சொல். புறத்திலிருந்து பிரித்துத்தான் அதற்குப் பொருள் வருகிறது. இந்தப் பிரிவை நாம் இலக்கணமாக மட்டும் படித்துப் பழகிவிட்டோம். வீடு என்பதே ஓர் அரசியல் எல்லை. யார் எதுவரை வரலாம் என்பதன் கட்டிட வடிவம். வாசல், திண்ணை, கூடம், அடுப்பங்கரை, சாமி மாடம் என ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் நின்றுவிட வேண்டும். நிலைத்த ரசாயனம் இந்தப் படிகள் எதையும் மதிப்பதில்லை. சுவரிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து தவழும் குழந்தையின் கைக்கு, கையிலிருந்து வாய்க்கு. அம்மா அடுப்பங்கரையைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தது. காப்பாற்றியது சாதியின் எல்லையை. விஷத்தின் எல்லை அதற்குள் கூடத்தைத் தாண்டிவிட்டிருந்தது.

4

இதெல்லாம் மண்வீட்டுக் கதை, பழைய கதை என்று தோன்றலாம். காங்கிரீட் வீட்டுக்கு வருவோம்.

கலிஃபோர்னியாவில் 1975இல் ஒரு விதி வந்தது. நாற்காலி, சோபாவுக்குள் வைக்கும் நுரைப்பஞ்சு சிறு தீயில் 12 விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும் என்றார்கள். அதற்காகப் பஞ்சில் புரோமின் சேர்ந்த தீத்தடுப்பு ரசாயனங்களைக் கலந்தார்கள். ஒரு மாநிலத்தின் விதி அந்த நாட்டுச் சந்தைக்கே விதியானது. இந்த ரசாயனம் பஞ்சோடு வேதிமுறையில் பிணைக்கப்படுவதில்லை, சும்மா கலந்திருக்கும். உட்கார உட்கார வெளியே வரும். வந்து வீட்டுத் தூசியில் சேரும். அதன் அமைப்பு தைராய்டு சுரப்பு நீரை ஒத்திருக்கிறது. ஸ்வீடனில் சேமித்து வைத்திருந்த தாய்ப்பாலைச் சோதித்தபோது, 1972க்கும் 1997க்கும் இடையில் இவற்றின் அளவு ஏறத்தாழ ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பானது தெரிந்தது. வட அமெரிக்காவில் தாய்மாரைவிட அவர்களுடைய சிறு குழந்தைகளின் ரத்தத்தில் இவை கூடுதலாக இருந்தன. குழந்தை தரையில் வாழ்கிறது, கையை வாயில் வைக்கிறது, அதனால். பூனையும் அப்படித்தான். தைராய்டு நோய்கண்ட வீட்டுப் பூனைகளை இந்த ரசாயனத்தோடு தொடர்புபடுத்தி 2007இல் ஓர் ஆய்வு வெளிவந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், சோபாக்கள் பற்றி எரிய முக்கியக் காரணம் அணையாத சிகரெட். கீழே போட்டால் தானே அணைந்துவிடும் சிகரெட்டைச் செய்யுங்கள் என்று புகையிலைக் கம்பெனிகளை நெருக்கினார்கள். கம்பெனிகளோ பழியை நாற்காலியின் மேல் திருப்பிவிட்டன. தீயணைப்பு அதிகாரிகளின் அமைப்புகளுக்குள் புகுந்து, சிகரெட்டை விட்டுவிட்டு மெத்தையை மாற்றுங்கள் என்று பேசவைத்தன. 2012இல் ‘சிகாகோ டிரிப்யூன்’ ஆவணங்களோடு இதை வெளியிட்டது. மறுவருஷம் விதி மாறியது.

பட்டுக்கோட்டையில் நடந்ததன் நகல் இது என்று சொன்னால் தோழர்கள் கோபிக்கக்கூடும். ஒன்று பொதுச் சுகாதாரம், மற்றது லாபவெறி. வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. என் அப்பாயியின் பிள்ளைகளையும் கலிஃபோர்னியா சோபாவையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் இரண்டிலும் தர்க்கம் ஒன்றுதான்: வெளியில் சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்யாமல், வீட்டுக்குள் நிலைத்து நிற்கும் ஒரு பொருளை வைத்துவிடுவது. வாய்க்காலைத் தொடாதே, சுவரில் அடி. சிகரெட்டைத் தொடாதே, மெத்தையில் கலந்துவிடு.

இன்னொன்று, மாற்றீடு. புரோமின் கலந்த டிரிஸ் என்ற பொருளைக் குழந்தைகளின் இரவு உடையில் சேர்த்திருந்தார்கள். அது மரபணுவைச் சிதைக்கும் என்று ஆர்லீன் பிளமும் புரூஸ் எய்ம்ஸும் 1977இல் எழுதினார்கள். அந்த வருஷமே உடையில் தடை. பிறகு அதன் ஒன்றுவிட்ட தம்பியான குளோரின் டிரிஸ் சோபாவுக்குள் வந்து உட்கார்ந்தது. கறை படியாத கம்பளத்துக்கும் எண்ணெய் ஊறாத காகிதத்துக்கும் பூசப்படும் ஃப்ளோரின் சேர்மங்களின் கதையும் இதுவே. ஒன்றைப் பட்டியலில் சேர்ப்பதற்குள் அடுத்தது கடைக்கு வந்துவிடுகிறது. சட்டம் பெயர்களைத் தடைசெய்கிறது, குடும்பத்தை விட்டுவிடுகிறது.

5

ஜெர்மானியச் சமூகவியலாளர் உல்ரிக் பெக் 1986இல் ‘இடர்ச் சமூகம்’ என்கிற நூலை எழுதினார். செல்வம் வர்க்கப் படிநிலையில் பங்கிடப்படுகிறது, நவீன இடர்களோ அந்தப் படிநிலையைத் தாண்டி எல்லோரையும் எட்டுகின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். ஏழைகள்மேல் சில இடர்கள் கூடுதலாக விழும் என்பதையும் அவர் சொல்லாமல் இல்லை. ஆனாலும் நம் சூழலில் மேற்கோளாகச் சுற்றுவது முதல் பாதி மட்டும்தான். ‘விஷத்துக்குச் சாதியில்லை, மதமில்லை’ என்று மேடையில் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

விஷத்துக்குச் சாதி இல்லாமல் இருக்கலாம். விஷம் வரும் வழிக்கு உண்டு. 2009இல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் இரண்டு வகைப் புரோமின் தீத்தடுப்புக் கலவைகளைப் பட்டியலில் சேர்த்தபோது, அவை கலந்த பழைய பொருள்களை மறுசுழற்சி செய்ய 2030வரை விலக்குக் கொடுத்தது. அதாவது வசதியானவர் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரின் பிளாஸ்டிக், உருகி, மலிவு விலைப் பொம்மையாக இன்னொரு வீட்டுக்குப் போகலாம். இடையில் அதை உடைப்பவர் யார், உருக்குபவர் யார் என்று நான் எழுதத் தேவையில்லை. டிடிடி தெளித்தவர்களைச் சோதித்த நாடுகளில், அவர்களின் உடலில் வீட்டுக்காரர்களைவிடக் கூடுதலாக அது இருந்தது தெரிந்திருக்கிறது.

மேரி டக்ளஸ் 1966இல் எழுதிய ‘தூய்மையும் அபாயமும்’ நூலில், அழுக்கு என்பது ஒரு பொருளின் குணமல்ல, இருக்கக்கூடாத இடத்தில் இருப்பது என்று விளக்குகிறார். நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழில் ‘மாசு’ என்கிற சொல்லை எடுத்துச் சூழலியல் பேசும்போது, தீட்டின் மொழியும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. ‘நம் முன்னோர் வாசலில் சாணி தெளித்தது விஞ்ஞானம்’, ‘பழைய வீடு சுத்தமான வீடு’ என்றெல்லாம் இன்று எழுதுகிறவர்கள், அந்த வீட்டுக்குள் யார் வரமுடியாமல் இருந்தது என்பதைச் சௌகரியமாக மறக்கிறார்கள். ரசாயனத்தை எதிர்க்கிற பெயரில் தீட்டு திரும்பி வருகிறது.

நிலைத்த ரசாயனம் டக்ளஸின் சூத்திரத்துக்கும் அடங்காது. அது இருக்கக்கூடாத இடத்தில் இல்லை. நாமே காசு கொடுத்து, சுத்தம், பாதுகாப்பு, கௌரவம் என்று நம்பி, இருக்க வேண்டிய இடத்தில் வைத்தது. நாறாது, கண்ணுக்குத் தெரியாது. தீட்டு பார்த்துப் பழகிய கண் அதைப் பார்க்கத் தெரியாத கண். நாம் யாரைச் சந்தேகப்படப் பழகியிருக்கிறோமோ, விஷம் அவர் கையில் வரவில்லை. சோபாவோடு வந்தது.

6

இரண்டு வருஷத்துக்கு முன் என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. எங்கேயோ எதையோ படித்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்தாள். ‘தாய்ப்பால்ல இதெல்லாம் இருக்காம்ப்பா. பாலு குடுக்கலாமா, வேணாமா?’

கொடு என்று சொன்னேன். நானாகச் சொல்லவில்லை. தாய்ப்பாலில் இந்த ரசாயனங்களைப் பல பத்தாண்டுகளாக அளந்துவரும் உலக சுகாதார நிறுவனமே, தாய்ப்பாலின் நன்மை இவற்றைவிடப் பெரிது, கொடுங்கள் என்றுதான் சொல்லிவருகிறது. பாலை அளப்பது உலகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்ப்பதற்கு, தாயைக் குற்றவாளியாக்குவதற்கு அல்ல. ஆனால் என் மகள் படித்த பக்கம் அந்த வித்தியாசத்தைச் சொல்லவில்லை. அது பத்துக் குறிப்புகள் கொடுத்திருந்தது. ஈரத்துணியால் தினமும் துடையுங்கள், குழந்தையின் கையை அடிக்கடி கழுவுங்கள், வாங்கும் பொருளின் லேபிளைப் படியுங்கள்.

தவறான யோசனைகள் அல்ல. தூசி குறையும், கை கழுவினால் வாய்க்குப் போவது குறையும். ஆனால் வாய்க்காலில் தொடங்கிச் சுவருக்கு வந்து, சிகரெட்டில் தொடங்கிச் சோபாவுக்கு வந்த அந்தத் தர்க்கம், இப்போது மூன்றாவது முறையாக வந்திருக்கிறது. கம்பெனியைத் தொடாதே, பெண்ணின் கையில் துணியைக் கொடு. லேபிளில் எழுத வேண்டும் என்று சட்டமில்லாத பொருளுக்கு எந்த லேபிளைப் படிப்பது?

அதற்கடுத்த வாரம் நான் போனபோது தரையைத் துடைத்துக்கொண்டிருந்தது என் மகளல்ல. வேலைக்கு வரும் அக்கா. தினம் இருமுறை துடைக்கச் சொல்லியிருக்கிறாள். வாளித் தண்ணீரில் கையை முக்கி முக்கிப் பிழிந்துகொண்டிருந்தார். அந்தத் தூசியில் என்ன இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவருக்கும் வீட்டில் பால்குடிக்கிற பேரன் இருப்பது பேச்சுக் கொடுத்தபிறகுதான் தெரிந்தது. அவருக்குத் தனி டம்ளர் இருந்ததா என்று பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பார்த்தேன். இருந்தது. அன்று ராத்திரி அதைச் சொன்னபோது மகள் அழுதாள், மறுநாள் எடுத்துவிட்டாள். இதை நான் வெற்றியாகச் சொல்லவில்லை. என் அம்மாவிடம் கேட்கத் தவறியதை மகளிடம் கேட்டேன், அவ்வளவுதான்.

எனவே நிபந்தனையோடுதான் இந்தச் சூழலியலில் எனக்குப் பங்கு. ஒவ்வொரு பெயராகத் தடைசெய்யும் விளையாட்டை நிறுத்தி, ரசாயனக் குடும்பங்களை மொத்தமாகக் கேள்விக்குள்ளாக்க வேண்டும். ஒரு பொருளுக்குள் என்ன இருக்கிறது என்பதைச் செய்பவன் சொல்ல வேண்டும், வாங்குபவள் துப்பறியக்கூடாது. நிரூபிக்கும் பொறுப்பு விற்பவனுடையது. முதலில் பரிசோதிக்க வேண்டிய ரத்தம், தெளித்தவர், உடைத்தவர், உருக்கியவர், துடைத்தவர் ரத்தம். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, நடுத்தர வர்க்கக் குழந்தையின் சுத்தத்திலிருந்து தொடங்குகிற எந்தப் பேச்சும் சாணித் தண்ணீரின் தொடர்ச்சிதான்.

ஊர் வீட்டை இடித்தாயிற்று. சுவர் மண்ணை யாரோ பள்ளம் நிரப்ப வண்டியில் ஏற்றிப் போனார்கள், எங்கே கொட்டினார்கள் என்று விசாரிக்கவில்லை. குழாய் பிடித்தவர் எப்போதோ இறந்துவிட்டார். எதனால் என்று ஊரில் இரண்டு மூன்று பேரைக் கேட்டேன். ‘என்னமோ சீக்கு’ என்றார்கள். எங்கள் சுவரில் மருந்தடித்த தேதியை எழுதிவைத்த அரசாங்கம், அவர் உடம்பில் எவ்வளவு போனது என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை.